புத்தாண்டுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வருஷத்துக்கு ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு அதன்கீழ் வேதம் வாசித்து, ஜெபித்து, நடந்து பழகுவதைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் நான் வார்த்தை எடுத்துத் தரமாட்டேன். நான் காட்டும் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் என்றால் தனியாகக் குறிப்பிடுவேன்.

குமரி மகள்: அக்கா, இதுவரை செய்ததே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் உட்கார்ந்து யோசித்தால் போதுமா?

போதாதும்மா. அன்று ராத்திரி மனசு நெகிழ்ந்திருக்கும்; எந்த வார்த்தை வந்தாலும் சரி என்றே தோன்றும். நவம்பர் கடைசியில் மூன்று சாயங்காலம், தலா இருபது நிமிஷம் ஒதுக்குங்கள்.

முதல் நாள், முடியப்போகும் வருஷத்தின் ஜெபக்குறிப்புகளைப் புரட்டுங்கள். குறிப்பு எழுதும் பழக்கம் இல்லையென்றால், திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று விண்ணப்பங்களையும் திரும்பத் திரும்ப அறிக்கையிட்ட மூன்று பாவங்களையும் எழுதுங்கள். அநேகர் முதல் பட்டியலை மட்டும் வைத்து வார்த்தை எடுப்பார்கள். இரண்டாவது பட்டியல்தான் முக்கியம்.

இரண்டாம் நாள் பத்து வார்த்தை எழுதி மூன்றாகக் குறையுங்கள். மூன்றாம் நாள் அந்த மூன்றையும் ஒத்தவாக்கியத்திலோ (ஒரு சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் புத்தகம்) வேதாகமச் செயலியின் தேடலிலோ போட்டுப் பாருங்கள். குறைந்தது பன்னிரண்டு வேதபகுதி கிடைக்கவேண்டும். அவையும் ஒரே புத்தகத்தில் குவியாமல் சங்கீதம், தீர்க்கதரிசி, சுவிசேஷம், நிருபம் என்று பரவியிருக்கவேண்டும். அப்படிக் கிடைக்காத வார்த்தை மார்ச்சுக்குள் வற்றிவிடும். தேறியவற்றை டிசம்பரில் வாரத்துக்கு ஒன்றாக ஜெபித்துப் பாருங்கள். எது உங்களை ஏதாவது செய்யச் சொல்கிறதோ அதை எடுங்கள்.

எஸ்தர் அம்மா: "ஆசீர்வாதம்" என்று எடுக்கலாமா சிஸ்டர்?

வேண்டாம் என்பேன். ஆசீர்வாதம், உயர்வு, வெற்றி, திறந்த வாசல் எல்லாம் பலன்கள். நீங்கள் செய்ய அவற்றில் வேலை இல்லை. வந்ததா வரவில்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் மிச்சம். வார்த்தை உங்களுக்கு வேலை கொடுக்கவேண்டும். "கீழ்ப்படி", "காத்திரு", "கேள்", "கொடு" போன்றவை அப்படிப்பட்டவை.

சங்கீதப்பிரியன்: "காத்திரு" என்று எடுத்தேன். சங்கீதம் 27:14, ஏசாயா 40:31 இரண்டையும் மனப்பாடம் செய்தாயிற்று. அப்புறம் என்ன செய்வது?

அருமையான வார்த்தை சகோதரரே. ஆனால் நீங்கள் எடுத்த இரண்டுமே ஆறுதல் வசனங்கள். காத்திருக்கத் தவறிய இடங்களையும் சேருங்கள்; பாடம் அங்கேதான் இருக்கிறது.

ஆதியாகமம் 16-இல் பிள்ளை தருவேன் என்ற வாக்குத்தத்தம் தாமதித்தபோது சாராயும் ஆபிராமும் அடிமைப்பெண் ஆகாரைக் கொண்டு தாங்களே ஒரு வழி பண்ணினார்கள். 1 சாமுவேல் 13-ஐ நிதானமாக வாசியுங்கள். தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த காலத்தின்படி ராஜாவாகிய சவுல் ஏழு நாள் காத்திருந்தான், அதை மறக்கவேண்டாம். ஜனங்கள் சிதறிப்போவதைப் பார்த்ததும் சாமுவேல் வந்து செலுத்தவேண்டிய சர்வாங்க தகனபலியைத் தானே செலுத்தினான். செலுத்தி முடிக்கிற நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார்! அவனுடைய காத்திருப்பு கடைசிச் சில நாழிகையில் உடைந்தது. நம்முடையதும் பெரும்பாலும் அங்கேதான் உடையும். உங்கள் நோட்டில் அந்த மாதத்துக்கான கேள்வி இதுதான்: "யார் விலகிப்போவதைப் பார்த்து நான் அவசரப்படுகிறேன்?"

அடுத்து புலம்பல் 3:26, பிறகு அப்போஸ்தலர் 1:4. எருசலேமை விட்டுப் போகாமல் காத்திருங்கள் என்ற கட்டளைக்குப் பிறகு சீஷர்கள் சும்மா இருக்கவில்லை. 14-ஆம் வசனத்தில் ஒருமனப்பட்டு ஜெபத்தில் தரித்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு பகுதி போதும். முதல் வாரம் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள், இரண்டாம் வாரம் ஒரு வசனத்தைக் கையால் எழுதுங்கள், மூன்றாம் வாரம் ஒரு செயலைக் குறித்துச் செய்யுங்கள், நான்காம் வாரம் என்ன நடந்தது என்று மூன்றே வரி எழுதுங்கள். மூன்று வரிக்கு மேல் எழுத ஆரம்பித்தால் ஏப்ரலில் நோட்டு மூடிவிடும்.

கிதியோன்300: இவ்வளவு கணக்கு எதற்கு? எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைப் பெட்டியிலிருந்து பார்க்காமல் எடுப்போம். கையில் வருவது தேவன் கொடுப்பது. நாமே தேர்ந்தெடுத்தால் அது நம் விருப்பம்தானே?

நியாயமான கேள்வி. நீதிமொழிகள் 16:33 சொல்கிறது: "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்." யூதாசின் இடத்துக்கு வந்த அப்போஸ்தலன் மத்தியாவும் சீட்டில்தான் தெரிந்துகொள்ளப்பட்டார். சீட்டை நான் பழிக்கமாட்டேன். அட்டையில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதுதான் என் கவலை.

"கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." எத்தனை வீட்டுச் சுவரில் இது தொங்குகிறது! உபாகமம் 28:13-ஐத் திறந்து பாருங்கள். கட்டளைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்ற நிபந்தனை அதே வசனத்திலேயே இருக்கிறது. அட்டையில் இடமில்லை என்று அதை வெட்டிவிட்டார்கள். அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14-ஆம் வசனத்தோடு முடிகிறது. 15-லிருந்து 68 வரை சாபம். அட்டைப்பெட்டிக்குள் அந்த 54 வசனங்களில் ஒன்றாவது உண்டா? அட்டையை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று ராத்திரியே வேதத்தைத் திறந்து முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்துவிட்டுப் படுங்கள்.

தோமா: கிளி சீட்டு எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சபைக்குள் ஜோசியம்.

கிதியோன்300: தம்பி, பெரியவர்கள் பயபக்தியோடு செய்வதை அப்படிப் பேசாதீர்கள். நூறு வருஷமாக இருக்கிற வழக்கம்.

இருவரும் பொறுங்கள். தோமா, அந்த ஒப்பீட்டை நான் ஏற்கமாட்டேன். நாளைக்கு என்ன நடக்கும் என்று அறியச் சீட்டு எடுப்பது வேறு, இன்றைக்கு எதைத் தியானிக்கலாம் என்று எடுப்பது வேறு. அட்டை எடுக்கிற அநேகர் முதலாவதைத்தான் செய்கிறார்கள் என்றால், அது உண்மை. அதைக் கண்டிக்கவும் வேண்டும்.

இந்த வழக்கத்துக்கு நூறு வருஷத்தைவிடப் பழைய உறவு ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊர். 1728 மே 3-ஆம் தேதி ஜின்சென்டார்ஃப் பிரபு தாம் வழிநடத்திய மொராவிய சகோதரர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையாருக்கு மறுநாளுக்கான ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார். அது வழக்கமாகி, 1731-லிருந்து வருஷா வருஷம் புத்தகமாக வருகிறது. பெயர் லோசுங்கென். காவல்காரன் கேட்கும் அடையாளச் சொல் என்று பொருள் கொள்ளலாம். அந்தச் சகோதரர்கள் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கே வந்து குடியிருந்தார்கள்.

அவர்கள் செய்யும் விதத்தைக் கவனியுங்கள். பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப்போட்டு எடுக்கிறார்கள். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டில் விடாமல், வாசித்துத் தேடித் தேர்ந்தெடுக்கிறார்கள். பெறுவதும் உண்டு, உழைப்பதும் உண்டு. அதோடு, எல்லாருக்கும் ஒரே வசனம். எனக்கு நல்லது வந்தது, உனக்கு என்ன வந்தது என்ற பேச்சே கிடையாது. ஜெர்மன் சபைகள் 1930-லிருந்து வைத்திருக்கும் வருஷ வசனமோ சீட்டே இல்லை. பல சபைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் கூடி முன்கூட்டியே தேர்ந்தெடுக்கிறார்கள். 2025-க்கு அவர்கள் எடுத்தது 1 தெசலோனிக்கேயர் 5:21: "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்." வாக்குத்தத்தம் அல்ல, கட்டளை. நம் சபைகளில் ஒரு வருஷமாவது இப்படி ஒரு கட்டளையைப் புத்தாண்டு வசனமாக வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

கிதியோன்300: சரி. அட்டையும் எடுப்போம், அதிகாரமும் வாசிப்போம்.

தோமா: வாசித்தால் எனக்கும் வழக்கில்லை.

வேளாங்கண்ணி வாசகி: நாங்கள் கத்தோலிக்கர். "நம்பிக்கை" என்று எடுத்தேன். என் சி.எஸ்.ஐ. தோழியும் அதே வார்த்தை. ஆனால் அவள் காட்டும் வசனங்களும் என்னுடையவையும் ஒத்தே வரவில்லையே?

வராது, ஏனென்றால் இரண்டும் வேறு வார்த்தைகள். 1 கொரிந்தியர் 13:13-ஐப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". தோழியின் நம்பிக்கை உங்கள் எதிர்நோக்கு. உங்கள் நம்பிக்கை அவருடைய விசுவாசம். தேடலில் போடும்போது எந்த மொழிபெயர்ப்பு திறந்திருக்கிறது என்று பார்க்காவிட்டால் வருஷம் முழுக்க வேறு வார்த்தையைப் படிப்பீர்கள். இரண்டு பேரும் இரண்டையும் சேர்த்து வாசித்தால் நல்லது. உங்களுக்குத் திருவழிபாட்டு ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலத்திலேயே பிறந்துவிடுகிறது, ஜனவரிக்குக் காத்திருக்கவேண்டியதில்லை.

தூத்துக்குடி உப்பு: பொறுமை. ஆனால் எந்தப் பொறுமை?

இப்படிக் கேட்டால் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! யாக்கோபு 5-ஆம் அதிகாரம் ஒன்றே போதும். 7-ஆம் வசனத்தில் பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் "நீடிய பொறுமையோடே" காத்திருக்கிறான், கிரேக்கத்தில் மக்ரோதூமியா. சினம் மூள நெடுநேரம் ஆகும் குணம்; பெரும்பாலும் மனுஷரிடத்தில் காட்டுவது. 11-ஆம் வசனத்தில் "யோபின் பொறுமை", அது ஹுப்பொமொனே. பாரத்தின்கீழ் அசையாமல் தரித்திருத்தல்; பெரும்பாலும் சூழ்நிலையில் காட்டுவது. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறீர்களா? கலாத்தியர் 5:22-இன் நீடியபொறுமையை எடுங்கள். கடனோ வியாதியோ அழுத்துகிறதா? ரோமர் 5:3-4-க்குப் போங்கள். இரண்டையும் ஒரே வருஷத்தில் கலக்கவேண்டாம்.

பெயர் வேண்டாம்: "மன்னிப்பு" என்று எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் மன்னிக்கவே மாட்டேன் என்கிறார்.

அப்படியானால் அது அவருக்கான வார்த்தை சகோதரி. உங்களுக்கானதைத் தேடுங்கள்.

கிருபை2: அக்கா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

மேலே முதல் பத்தி.

ஞாயிறு பள்ளி டீச்சர்: ஆறு, ஏழு வயசுப் பிள்ளைகளுக்கு?

வருஷம் அவர்களுக்கு நீளம். மூன்று மாதத்துக்கு ஒன்று வையுங்கள். "தயவு" நல்லது, எபேசியர் 4:32-இன் முதல் பாதி. வாரா வாரம் ஒரே கேள்வி: இந்த வாரம் யாரிடம் தயவாயிருந்தாய்? "யாரும் இல்லை" என்று சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஸ்டிக்கர், மதிப்பெண் வேண்டாம். மூன்றாம் வாரத்திலேயே பொய் சொல்லப் பழகிவிடும்.

லெபனோன் கேதுரு: போன் திரையில் வார்த்தையை வைத்தேன். ஒரு மாதத்தில் மறந்தே போனேன்.

கண் பழகிவிடும். மாதாமாதம் இடத்தை மாற்றுங்கள்: அடுப்படி, பைக் சாவி, கண்ணாடி. விட்டுப்போனால் சாம்பல் புதன் அன்று மறுபடி ஆரம்பியுங்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் நாற்பதும் அதற்கு ஏற்ற காலம். விட்டுப்போன மாதங்களைச் சேர்த்துப் படிக்க முயலாதீர்கள்.

ஜெயா_மதுரை: எரேமியா 29:11-லிருந்து "சமாதானம்". நல்ல வார்த்தையா அக்கா?

நல்ல வார்த்தை. முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்தீர்களா? அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். 10-ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. கேட்டவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்த்திருக்கமாட்டார்கள். 7-ஆம் வசனத்தில் அதே "சமாதானம்": சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள், "அதின் சமாதானத்தில் உங்களுக்குச் சமாதானமிருக்கும்". உங்கள் வருஷத்து வேலை அங்கே இருக்கிறது. உங்கள் தெருவில் யாருக்காக ஜெபிப்பீர்கள், யார் வீட்டுக்குப் போவீர்கள் என்று மூன்று பேர் பெயர் எழுதுங்கள்.

சாமுவேல்_ஆர்: எனக்கும் ஒரு வார்த்தை ப்ளீஸ்.

இல்லை.

சாரோனின் ரோஜா: "சுகம்" என்ற வார்த்தை வந்திருக்கிறது. விசுவாசத்தைக் காட்ட சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தவே கூடாது. மருந்தைப் பற்றி மருத்துவரிடம் மட்டும் பேசுங்கள். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார். அதனால் அவர் விசுவாசம் குறையவில்லை.

மாராள்: நாங்களும் குடும்பமாக "சுகம்" என்றுதான் எடுத்தோம். ஆகஸ்டில் அப்பா போய்விட்டார். வார்த்தை பொய்த்ததா, நாங்கள் தவறினோமா?

நீங்கள் தவறவில்லை அம்மா. யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவர்கள் வேதத்தின்படி சொல்லவில்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் என்று சொன்ன வேதனை நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் எடுபட்டதாக எழுதியிருக்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலின் விசுவாசம் குறைவானது என்று யார் சொல்வார்கள்?

இந்த வருஷம் வார்த்தை எதுவும் எடுக்காதீர்கள். அட்டையும் வேண்டாம். யாராவது நீட்டினால் வாங்கி வேதத்துக்குள் வைத்துவிடுங்கள், வாசிக்கவேண்டாம். சங்கீதம் 13, 42, 88 இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். 88 ஆறுதலில் முடிவதில்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள். சொந்தமாக ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் அதை வாய்விட்டு வாசித்தால் போதும். கூட உட்கார ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தோமா: மாராள் அக்கா, உங்கள் வீட்டுக்காக இன்றைக்கு ஜெபிக்கிறேன்.

கிதியோன்300: நானும்.