போனைக் காற்றில் பேனாவைப் போல அசைத்து எழுத்துகளை உள்ளிட முடியுமா?

முடியும். ஆனால் முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழியில் முடியாது.

அந்த வழி இதுதான்: போனில் உள்ள ஆக்சலரோமீட்டர் என்ற சென்சார் தரும் முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகம், மறுமுறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சி. கிடைத்த புள்ளிகளை இணைத்தால் எழுத்து வந்துவிட வேண்டும். கணக்கில் குறையில்லை, சிக்கல் சென்சாரில் இருக்கிறது. அது கையின் அசைவோடு புவியீர்ப்பையும் சேர்த்தே அளக்கிறது. ஈர்ப்பைக் கழிக்க வேண்டுமென்றால் போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டும். அந்தக் கணிப்பில் ஒரு டிகிரி பிசகினாலே சுமார் 0.17 மீ/வி² பொய் முடுக்கம் மிஞ்சும். இந்தப் பிழை நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும்: ஒரு வினாடியில் 8 செ.மீ.க்கு மேல், இரண்டு வினாடியில் 34 செ.மீ. எழுதும் எழுத்தைவிடப் பிழை பெரிதாகிவிடும்.

இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டியவர்களும் உண்டு. 2009இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோக்கியா என்95 போனில் 'போன்பாயின்ட் பென்' என்ற முன்மாதிரியை உருவாக்கினார்கள். போன் திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப் அந்த போனில் கிடையாது. ஐபோனிலேயே அது 2010இல், நான்காம் மாடலில்தான் வந்தது. வெறும் ஆக்சலரோமீட்டரை வைத்துக்கொண்டு அவர்கள் அவ்வளவு தூரம் போனதை இன்றும் வியக்கிறேன்.

இன்று செய்வதானால் கைரோஸ்கோப்பிலிருந்து தொடங்குங்கள். அது கோண வேகத்தைத் தருகிறது; ஒருமுறை தொகையிட்டால் போதும், பிழையும் மெதுவாகவே சேரும். கையை வீசாமல், சுவரில் டார்ச் அடிப்பதுபோல மணிக்கட்டை மட்டும் திருப்பி எழுத வேண்டும். இடவலத் திரும்பலை கிடைமட்ட அச்சாகவும், மேல்கீழ்ச் சாய்வைச் செங்குத்து அச்சாகவும் கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் 'கேம் ரொட்டேஷன் வெக்டர்' என்ற சென்சார் இந்தக் கோணங்களைக் கணித்தே தந்துவிடுகிறது. காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியை அது பயன்படுத்துவதில்லை என்பதால் பக்கத்தில் இரும்பு இருந்தாலும் குழம்பாது.

அடுத்த தலைவலி, பேனாவை எப்போது எடுத்தோம் என்பது. காற்றில் தாள் இல்லை; எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கை நகர்வதும் கோடாகவே பதியும். கை நிற்கும் இடங்களை அல்காரிதத்தால் கண்டுபிடிக்கலாம்தான். அதைவிடத் திரையில் கட்டைவிரலை அழுத்தியிருக்கும்வரை மட்டும் 'மை' வரும்படி வைப்பது எனக்குப் பிடித்த வழி. ஒவ்வொரு அழுத்தலிலும் கணக்கு புதிதாகத் தொடங்குவதால் கோட்டின் வடிவத்துக்குள் பழைய பிழை நுழையாது. ஒரே எழுத்துக்குள் விரலை எடுத்து வைக்கும்போது மட்டும் முந்தைய கோட்டின் ஆயங்களையே (புள்ளிகளின் இடத்தைக் குறிக்கும் எண்களையே) தொடருங்கள். இல்லாவிட்டால் புள்ளி ஓரிடத்திலும் மெய்யெழுத்து வேறிடத்திலும் போய் நிற்கும்.

எழுத்தை அடையாளம் காண நீங்களே மாடல் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. ஆயங்களையும் நேரத்தையும் கூகுளின் எம்எல் கிட் என்ற மென்பொருள் தொகுப்பில் உள்ள, கையெழுத்தை அடையாளம் காணும் டிஜிட்டல் இங்க் பகுதிக்குக் கொடுத்தால் போதும். தமிழும் அதில் உண்டு. மாடலை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். ண, ன போல ஒரு சுழியில் மாறும் எழுத்துகளில் அது தடுமாறலாம். ஒன்றுக்குப் பதில் முதல் சில ஊகங்களையும் கேட்டு வாங்கிப் பயனரிடம் காட்டுங்கள்.

கீபோர்டுக்கு மாற்றாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீளமாக எழுதினால் கை வலிக்கும், விரலால் திரையில் எழுதுவதே வேகம். கையுறை அணிந்து வேலை செய்பவர்களுக்கும் திரையைப் பார்க்க இயலாதவர்களுக்கும் ஓரெழுத்துக் கட்டளைகள் அமைக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக இறங்குங்கள். கையுறைக்காரர்களுக்கு மட்டும் திரைக்குப் பதிலாக வால்யூம் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள்.