பின்வளவில் போர்விமான இருக்கை: பில் இல்லை, வியாழக்கிழமை பொலிஸுக்குப் போக வேண்டும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். குளிர்சாதனப் பெட்டி திருத்துவது தொழில், பழைய ஜெட் போர்விமானப் பாகங்களைத் தேடிச் சேர்த்துத் திருத்துவது பைத்தியம் (அவரே எழுதிய சொல்). ஐந்து வருடமாக அம்பாறைப் பக்கத்துப் பழைய இரும்புக்கடைகளில் பொறுக்கியதில் ஒரு வேகமானி, விமானி பிடித்து ஓட்டும் தடி, ஒரு முன்சில்லு, அப்புறம் ஆறு மாதத்துக்கு முன் ஒரு விமானி இருக்கை. இவற்றை வைத்துப் பின்வளவில் ஒரு விமானி அறை கட்டுகிறார். யாரோ சொல்லிப் பொலிஸ் வந்து பார்த்துவிட்டு, வியாழக்கிழமை ஆவணங்களோடு வரச் சொல்லியிருக்கிறது. ஒன்றுக்கும் பில் இல்லை. யாவாரி, "பழைய திகதி போட்டு ஒரு பில் எழுதித் தாறன்" என்கிறாராம். அதை வாங்கலாமா, நான் செய்தது குற்றமா, இங்கிலாந்திலிருந்து ஒரு கருவிப் பலகை எடுப்பிக்கலாமா என்பது கேள்வி.

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த இருக்கை. பொலிஸ் வந்த நேரம் அதன்மேல் சாக்குப் போட்டிருந்ததால் அவர்கள் கவனிக்கவில்லை என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. நீங்கள் அனுப்பிய படத்தில் கறுப்பும் மஞ்சளும் வரிபோட்ட கைப்பிடி அப்படியே இருக்கிறது, பின்னால் குழாயும் இருக்கிறது. அந்தக் குழாய்தான் அதன் துப்பாக்கி. கைப்பிடியை இழுத்தால் உள்ளே உள்ள தோட்டா வெடித்து விமானியை இருக்கையோடு மேலே எறியும். 2011இல் இங்கிலாந்தின் ஸ்காம்டன் விமானப்படைத் தளத்தில் ரெட் அரோஸ் என்ற விமானச் சாகசக் குழுவின் விமானி ஒருவர், விமானம் தரையில் நின்றபோதே இருக்கை கிளம்பி இறந்தார், அதுவும் பாவனையில் இருந்த விமானத்தில். உங்களுடையது எத்தனை வருடம் மழையில் கிடந்ததோ தெரியாது. குழாயைக் கழற்றிப் பார்க்கவா என்று கேட்கிறீர்கள். தொடவே வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம், பிள்ளைகளைப் பின்வளவுக்கு விடாதீர்கள்.

தோட்டா உள்ளே இருந்தால் அது 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டத்துக்குள் வரும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். "தெரியாமல் வாங்கினேன்" என்ற பேச்சு நீங்களாகப் போய்ச் சொன்னால்தான் எடுபடும், சாக்கை அவர்கள் தூக்கிப் பார்த்த பிறகு எடுபடாது. ஆகவே வியாழன்வரை காத்திருக்காமல் நாளைக்கே ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போய் எழுத்தில் அறிவியுங்கள், குண்டு செயலிழக்கச் செய்பவர்களை அவர்களே வரவழைப்பார்கள். இருக்கை திரும்பி வராமல் போகலாம். போகட்டும்.

சரி, மற்றப் பொருட்கள். சட்டத்தின் கண்ணில் இது விமானமா சைக்கிளா என்பது இரண்டாவது கேள்வி, யாருடைய சொத்து என்பதுதான் முதலாவது. விமானப்படையின் பொருள் அரச சொத்து. அது பழசாகிப் பாவனைக்கு உதவாது என்று குழு எழுதி, பகிரங்க ஏலத்திலோ விலைமனுவிலோ விற்கப்பட்டால் வெளியே வரலாம், அப்படி முறையாக வந்த இரும்பும் உண்டு. அப்படி வராதது களவுப் பொருள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விற்றவனுக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்கியவனுக்கும் வராது, நீங்கள் முழுக்காசும் கொடுத்திருந்தாலும் சரி. ஊரில் எல்லாரும் சொல்கிற "பத்து வருடம் வைத்திருந்தால் சொந்தம்" என்ற கதை காணிக்குரியது, அதுவும் அரசுக்கெதிராகச் செல்லாது. அதை வாக்குமூலத்தில் சொல்லி வைக்காதீர்கள்.

பொதுச் சொத்துக்களுக்கு எதிரான குற்றங்கள் சட்டம் (1982, 12ஆம் இலக்கம்) கடுமையானது. களவுக்கு ஆகக் குறைந்தது 1 வருடம், கூடினது 20 வருடம் சிறை, தண்டப்பணம் பெறுமதியின் மூன்று மடங்குவரை போகும், பிணையும் லேசில் கிடைக்காது. உங்களைப் போல வாங்கியவர்மேல் வழமையாக வருவது தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவு. களவுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையீனமாக வைத்திருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். களவு போன கொஞ்ச நாளில் பொருள் கையில் இருந்தால் நீதிமன்றம் உங்களுக்கெதிராக ஊகிக்கலாம், வருடக்கணக்காகச் சுற்றித் திரிந்த பொருளில் அந்த ஊகம் பலவீனம். உங்களுக்குள்ள நல்ல இடம் இதுதான்.

அந்த நல்ல இடத்தைத்தான் யாவாரியின் பில் கெடுக்கும். எழுதினால் அது பொய்ச் சான்று, அவரோடு நீங்களும் மாட்டுவீர்கள். நான் சட்டத்தரணியாக நின்ற ஒரு உழவு மெஷின் வழக்கில் என் கட்சிக்காரர் இப்படி ஒரு பில் கொண்டுவந்தார், அதிலிருந்த திகதியில் அந்தக் கடையே திறந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன உண்மையையும் ஒருவரும் நம்பவில்லை. யாவாரி உதவ விரும்பினால், எந்த வருடம், யாரிடம் வாங்கினேன் என்று தெரிந்ததை மட்டும் இன்றைய திகதியில் சத்தியக்கடதாசியாகத் தரட்டும். மாட்டேன் என்றால் அவருடைய பொருளைப் பற்றி உங்களுக்கே ஒரு பதில் கிடைத்துவிட்டது.

வேகமானியில் ரஷ்ய எழுத்து இருப்பதால் 1971 கிளர்ச்சிக்குப் பிறகு சோவியத்திலிருந்து வந்த மிக்-17 போர்விமானத்தினுடையதாக இருக்கும், அவ்வளவு பழையதைக் கேட்க மாட்டார்கள் என்கிறீர்கள். 2000இல் வந்த மிக்-27இலும் ரஷ்ய எழுத்துத்தான். தொடர் இலக்கத்தைப் படமெடுத்து, சட்டத்தரணி மூலம் விமானப்படைக்கு எழுதிக் கேளுங்கள். (போர்க்காலத்தில் கிபிர் போர்விமானத்தின் சத்தம் கேட்டாலே பங்கருக்குள் ஓடியவர்கள் நாங்கள், நீங்கள் என்னடாவென்றால் அந்தச் சாதியையே துடைத்து மினுக்குகிறீர்கள். என் அம்மா இருந்திருந்தால் படலைக்குள் எடுக்க விடமாட்டார்.) இன்னொன்று, கண்ணாடியைக் கழற்றி முள்ளில் இருந்த மஞ்சள் பூச்சைச் சுரண்டினேன் என்றது. பழைய கருவிகளில் அது ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது நின்றாலும் கதிரியக்கம் நிற்காது, ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருடம். மூடிப் பைக்குள் வையுங்கள், 2014ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் அதற்கும் இருக்கிறது.

இங்கிலாந்துப் பலகையை இப்போதைக்கு விடுங்கள். படைவிமானத்துக்கென்று செய்த பாகத்துக்கு அங்கே ஏற்றுமதி அனுமதி தேவைப்படும், இங்கே சுங்கம் பாதுகாப்பு அமைச்சின் கடிதம் கேட்கும். விற்பவர் "அலங்காரப் பொருள் என்று எழுதி அனுப்புகிறேன்" என்றால் பலகையும் போகும், தண்டமும் வரும்.

வியாழன் கேட்பதற்கு உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதீர்கள். பொருட்களை எடுத்தால் பட்டியலோடு பற்றுச்சீட்டுக் கேளுங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 431ஆம் பிரிவுப்படி அதை நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும், உங்கள் உரிமையை அங்கே கோரலாம். வேகமானியைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், படம் போதும்.