பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. கட்டியை எடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. 12 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். இடது மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி, வலி இல்லை. ஸ்கேனில் சந்தேகமாக இருக்கிறது என்றார்கள். மெல்லிய ஊசியால் எடுத்ததில் செல்கள் போதவில்லை. பிறகு எடுத்த பயாப்ஸியில் ‘டயாபெடிக் மாஸ்டோபதி, புற்றுநோய் இல்லை’ என்று வந்தது. எதற்கும் எடுத்துவிடு என்கிறார்கள் வீட்டில். எடுக்கவா?

பதில்: வேண்டாம். பயாப்ஸி முடிவும் ஸ்கேனில் தெரிந்ததும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்று உங்கள் மருத்துவர் சொல்லிவிட்டால், கத்தி வைக்கத் தேவையில்லை.

ஸ்கேன் பார்த்தவரைக் குறை சொல்ல முடியாது. டயாபெடிக் மாஸ்டோபதி, அதாவது சர்க்கரை நோயோடு மார்பில் வரும் இந்தக் கட்டி, கையில் புற்றுநோய் போலவே கெட்டியாகத் தட்டுப்படும். அல்ட்ராசவுண்டிலும் ஓரம் தெளிவில்லாமல், பின்னால் கரிய நிழலோடு தெரியும். மேமோகிராமில் வெறும் அடர்த்தியான திசுவாகத்தான் தெரியும், அதை வைத்தும் பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் தழும்பு போன்ற நார்த்திசு. அதனால்தான் மெல்லிய ஊசியில் செல்கள் வரவில்லை. தடித்த ஊசியால் சிறு துண்டாக எடுக்கும் பயாப்ஸிதான் இதில் தீர்ப்பு சொல்லும்.

பல வருடம் இன்சுலின் போட்டுக்கொள்ளும், மாதவிடாய் நிற்காத பெண்களிடம்தான் இது அதிகம். கூடுதல் சர்க்கரை நார்த்திசுவின் கொலாஜன் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, அது எளிதில் சிதையாமல் சேர்ந்துகொண்டே போகிறது என்று நினைக்கிறார்கள். உடலின் எதிர்ப்புச் செல்களும் அங்கே கூடுகின்றன என்று கருதப்படுகிறது. 1984-இல் இதை முதலில் விவரித்தபோதே கை விரல் மூட்டுகளின் இறுக்கத்தையும் சேர்த்தே எழுதினார்கள். கை கூப்பிப் பாருங்கள். விரல்கள் ஒட்டாமல் நடுவில் இடைவெளி விழுகிறதா? விழுந்தால் அந்த இறுக்கம் உங்களுக்கும் இருக்கலாம்.

இது புற்றுநோயாக மாறுவதில்லை. எடுத்தாலோ, அதே இடத்திலோ மறு மார்பிலோ திரும்ப வரலாம். தழும்புதான் மிச்சம்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் கட்டி கரைந்துவிடும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஆனால் இந்தக் கட்டி உள்ளவர்களுக்குக் கண், சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்தே இருப்பதுண்டு. கண் விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் இந்த வருடம் பார்த்தீர்களா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

இன்னொன்று. நாளைக்கு வேறொரு கட்டி தட்டுப்பட்டால், ‘அதே சர்க்கரைக் கட்டிதான்’ என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். இந்தக் கட்டியே பெரிதானாலும், தோல் உள்ளே இழுத்தாலும், காம்பில் ரத்தம் கசிந்தாலும் உடனே காட்டுங்கள். போகும்போது பழைய ஸ்கேன் படத்தையும் பயாப்ஸி அறிக்கையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.