வீட்டுப் பாதுகாப்புக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: உரிமம் பெற்ற 9 மி.மீ. பிஸ்டல் வைத்திருக்கிறேன். முழுவதும் உலோக உறையிட்ட சாதாரணத் தோட்டாவே போதும் என்கிறார் நண்பர். ‘ஒரே குண்டில் ஆள் விழுந்துவிடுவான்’ என்று விலை கூடிய பெட்டி ஒன்றைக் காட்டுகிறார் கடைக்காரர். அடுத்த அறையில் குழந்தைகள் தூங்குகிறார்கள். குண்டு சுவரைத் துளைத்துவிடுமோ என்பதே என் அச்சம். எதை வாங்குவது?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால், அதைப் போக்கும் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. தாக்க வருபவரைத் தடுக்கும் அளவுக்கு உடலுக்குள் இறங்கக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் ஜிப்சம் பலகைத் தடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும். முனையில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் குண்டும் இதற்கு விலக்கல்ல. பலகையின் தூள் குழியை அடைத்துக்கொண்டால் அது விரியாமல் சாதாரணக் குண்டைப் போலவே பாயும். ஆகவே, எந்த இடத்தில் நின்று சுட்டால் குழந்தைகளின் அறை குண்டின் பாதையில் வராது என்பதை வீட்டுக்குள் நடந்து பார்த்து இன்றே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் நான் ஹாலோ பாயின்ட்டையே பரிந்துரைக்கிறேன். உடலில் பட்டதும் அதன் முனை விரிந்து வேகம் குறைவதால், மறுபுறம் வெளியேறிப் பின்னால் இருப்பவர் மீது பாயும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது. நண்பர் சொல்லும் குண்டில் அந்தத் தடை இல்லை. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் அதிகாரிகள் இருவரை இழந்த அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., அதன் பின் வகுத்த சோதனையில், உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் 10 சதவீத ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு குறைந்தது 12 அங்குலம் இறங்க வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. தடித்த துணிக்குப் பின்னாலும் இந்த அளவை எட்டும் 124 அல்லது 147 கிரெயின் (சுமார் 8 அல்லது 9.5 கிராம்) எடையுள்ள குண்டு உங்களுக்குப் போதும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வேகக் கணக்கை நம்பி வாங்காதீர்கள். அது உங்கள் பிஸ்டலின் பேரலை (குழலை) விட நீளமான பேரலில் அளக்கப்பட்டதாக இருக்கலாம். எந்த நீளப் பேரலில் அளந்தார்கள் என்பதைப் பளிச்சென்று அச்சிடும்படி இத்தனை ஆண்டுகளாக யாரும் கட்டாயப்படுத்தாதது எனக்கு விளங்கவேயில்லை.

உங்களுடையது 9 மி.மீ. என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அதுவே சட்டைப்பையில் அடங்கும், இதைவிடச் சிறிய தோட்டாவைச் சுடும் .380 பிஸ்டலாக இருந்திருந்தால் பதிலை மாற்றியிருப்பேன். அந்தத் தோட்டாவில் வெடிமருந்தும் குறைவு, பேரலும் குட்டை. குண்டு விரிந்தால் போதிய ஆழம் இறங்குவதில்லை, துணி அடைத்துக்கொண்டால் விரிவதே இல்லை. அதனால்தான் அவ்வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் அனுபவசாலிகள் பலர் உறையிட்ட சாதாரணக் குண்டையே போட்டுக்கொள்கிறார்கள். அது தவறென்று நான் சொல்ல மாட்டேன்.

விலையைவிட நான் அதிகம் அஞ்சுவது இடைத்தரகர்களின் கைவேலைக்குத்தான். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர், ‘கம்பெனி சரக்கு, சலுகை விலை’ என்று வாங்கிய பெட்டியைக் கொண்டுவந்தார். தோட்டாக்களைக் கவிழ்த்து அடுக்கியபோது அடிப்பகுதி முத்திரைகள் மூன்று விதமாக இருந்தன. சில பித்தளை உறைகளில் பழைய கீறல்கள் தெரிந்தன. சுட்ட உறைகளில் மீண்டும் மருந்து நிரப்பி நல்ல பெட்டியில் போட்டிருக்கிறார்கள். மருந்து குறைந்த ஒரே தோட்டா போதும், குண்டு பேரலுக்குள் சிக்கிக்கொள்ளும்; அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கக்கூடும். முத்திரை பிரிக்காத, தயாரிப்புத் தொகுதி எண் உள்ள பெட்டியை ரசீதுடன் மட்டுமே வாங்குங்கள்.

வாங்கியதில் 100 தோட்டாக்களையாவது சுடுதளத்தில் உங்கள் பிஸ்டலிலேயே சுட்டுப் பாருங்கள். குழிமுனைக் குண்டு சில பிஸ்டல்களில் தோட்டா அடுக்கும் மேகசினிலிருந்து பேரலுக்குள் ஏறும்போது தட்டி நிற்கும். அப்படி ஒருமுறை நின்றாலும் வேறு தயாரிப்புக்கு மாறுங்கள். ஆண்டுக்கு இத்தனை தோட்டாதான் என்று எண்ணிக் கொடுக்கும் நாடுகளில் இந்தச் சோதனைக்கே ஒதுக்கீடு தீர்ந்துவிடுகிறது. ஆயுதத்தைக் கையில் கொடுத்துவிட்டு அதில் பழகுவதற்கு வழியை அடைப்பது என்ன பாதுகாப்பு என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

கடைசியாக, தினமும் தோட்டாவை இறக்கி ஏற்றுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஒரே தோட்டா திரும்பத் திரும்பப் பேரலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையில் ஏறும்போது, முனை தட்டித் தட்டிக் குண்டு உறைக்குள் இறங்கிவிடும். அதைச் சுட்டால் உள்ளழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். மாதம் ஒருமுறை அந்தத் தோட்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்த புதிய தோட்டாவின் பக்கத்தில் மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். உயரம் மயிரிழை குறைந்திருந்தாலும் அதைத் தனியே ஒதுக்கி, உரிமம் பெற்ற வணிகரிடமோ சுடுதளத்திலோ ஒப்படைத்துவிடுங்கள்.