லேப் சர்வர் பூட்டிக்கொண்டது: ஃபார்மேட் போடலாமா?

கேள்வி: நானும் என் தம்பியும் சேர்ந்து ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறோம். மூன்று கிளைகள், 16 ஊழியர்கள். போன ஞாயிறு காலை 7 மணிக்கு மெயின் பிராஞ்சில் சிஸ்டத்தைப் போட்டால் எந்த ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பணம் கட்டினால் சாவி தருவோம், இல்லாவிட்டால் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை வெளியே விடுவோம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. ஆறு வருட ரிப்போர்ட் அதில் இருக்கிறது. பேக்கப் டிஸ்க்கும் அதே சர்வரில்தான் செருகியிருந்தது, அதுவும் போய்விட்டது. சர்வீஸ் பார்க்கும் பையன், "ஃபார்மேட் போட்டு புதுசா ஏத்திடலாம்ணா, யாருக்கும் தெரியாது" என்கிறான். வெள்ளிக்கிழமை இமெயிலில் வந்த ஒரு பில்லை ரிசப்ஷனில் இருக்கும் பெண் திறந்ததுதான் காரணம், அவரை வேலையை விட்டு அனுப்பு, சம்பளத்தையும் பிடி என்கிறான் தம்பி. நாங்கள் கம்பெனிகூட இல்லை, பார்ட்னர்ஷிப்தான். போலீசுக்குப் போனால் பெயர் கெட்டுவிடும். என்ன செய்ய?

பதில்: கடிதம் கையில் கிடைத்த செவ்வாய்க்கிழமையே இவரைப் போனில் பிடித்து ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னேன்: ஃபார்மேட் போடாதீர்கள். அதிர்ஷ்டம், பையன் அதற்குள் கை வைக்கவில்லை. இதே நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் விட்டுவிட்டேன்.

அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கடை நாளைக்குத் திறக்க வேண்டும் என்பதுதான் அவன் கவலை. ஆனால் பூட்டிக்கிடக்கும் அந்த டிஸ்க்தான் உங்கள் வழக்கின் ஒரே சாட்சிப் பொருள். யார் நுழைந்தது, எந்த வழியாக, என்னைக்கு, எதை எடுத்துப் போனார்கள் என்ற தடயம் எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். ஆனால் பவரை அணைக்கும் முன் விவரம் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள், ஏனென்றால் மெமரியில் இருப்பது பவர் போனால் போய்விடும். திரையை, நேரம் தெரிகிற மாதிரி, மொபைலில் படம் எடுங்கள். அப்புறம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ஞாயிறு 7 மணியிலிருந்து யார் என்ன பார்த்தார்கள், யாருக்குப் போன் போட்டார்கள், எந்த சிஸ்டத்தைத் தொட்டார்கள் என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டிஸ்க்கை முழுசாக நகல் எடுத்து, மூலத்தைக் கவரில் போட்டு சீல் வையுங்கள். புது டிஸ்க்கில் வேலையை ஆரம்பித்துக்கொள்ளலாம். டிஸ்க் விலை பெரிய தொகை இல்லை.

பழைய இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் காட்ட ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். ஃபார்மேட் போட்ட டிஸ்க்குக்கு எந்தக் கைரேகையை எடுப்பது? சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஓர் ஏற்றுமதி நிறுவனம் சம்பவம் நடந்த ராத்திரியே சர்வரைத் துடைத்துவிட்டு வந்தது. கையில் சைபர் இன்சூரன்ஸ் பாலிசியும் இருந்தது. "தாக்குதல் நடந்ததற்கு என்ன ஆதாரம்?" என்று இன்சூரன்ஸ் தரப்பு கேட்டபோது, எங்களிடம் காட்ட மொபைலில் எடுத்த ஒரு மங்கலான போட்டோதான் இருந்தது.

சரி, அடுத்தது ஆறு மணி நேரக் கணக்கு. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ், சைபர் தாக்குதல்களைக் கவனிக்க, செர்ட்-இன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 70பி பிரிவின் கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று அது போட்ட உத்தரவுப்படி, சைபர் சம்பவத்தைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். ரான்சம்வேர் (உங்களுக்கு நடந்ததுபோல ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பது), தகவல் திருட்டு, தகவல் கசிவு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிறு, குறு நிறுவனங்களுக்குத் தயாராக 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். அது முடிந்து நாளாகிவிட்டது.

"நாங்கள் கம்பெனி இல்லையே" என்ற உங்கள் வாதத்தை மறந்துவிடுங்கள். அந்தச் சட்டத்தின் 43ஏ பிரிவில் 'பாடி கார்ப்பரேட்' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் கம்பெனி மட்டும் இல்லை, பார்ட்னர்ஷிப் ஃபர்ம், தனி உரிமையாளர் நடத்தும் கடை, தொழில் செய்யும் எந்தக் கூட்டமும் அடங்கும். செர்ட்-இன் உத்தரவும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. 43ஏவில் இருக்கும் விளக்கம் 70பி போன்ற மற்ற பிரிவுக்கும் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கலாம். உங்களைப் போன்றவர் அந்த வாதத்துக்குச் சோதனை எலியாக வேண்டாம். தகவல் தராமல் விட்டால் 70பி(7) கீழ் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தின் உச்சவரம்பு முன்பு ஒரு லட்சமாக இருந்தது, 2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை ஒரு கோடியாக்கிவிட்டது.

ஞாயிறு காலையோடு கணக்குப் பார்த்தால் உங்களுக்கு மதியம் ஒரு மணிக்கே கெடு முடிந்துவிட்டது. அதற்காக விட்டுவிடக் கூடாது. இன்றைக்கே அனுப்புங்கள். எப்போது கவனித்தோம், ஏன் தாமதம், இதுவரை என்ன தெரியும் என்று மூன்று பத்தி போதும். ஞாயிறு என்பதைத் திங்கள் என்று மாற்றி எழுதும் ஆசை வரும். வேண்டாம். சர்வர் லாக் (எப்போது என்ன நடந்தது என்று சிஸ்டம் தானாகவே எழுதிவைக்கும் பதிவு) ஒரு தேதியையும் உங்கள் கடிதம் இன்னொரு தேதியையும் சொன்னால் தாமதம் பொய்யாகிவிடும். இந்த ஆறு மணி நேரக் கெடு பெரிய கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியது என்பது என் அபிப்பிராயம். ராத்திரி ஷிஃப்ட்டில் ஆளே இல்லாத லேபுக்கு இது கஷ்டம்தான். ஆனால் அவர்கள் கேட்பது முழு விசாரணை அறிக்கை இல்லை, அந்த நிமிஷத்தில் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும்தான். அதே உத்தரவு சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. உங்கள் சர்வரில் லாக் ஓடிக்கொண்டிருந்ததா என்று பையனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் விழிப்பான்.

போலீஸ் விஷயம். 1930 என்ற சைபர் உதவி எண் முக்கியமாகப் பணம் பறிபோனவர்களுக்கு, போகும் பணத்தை வழியில் நிறுத்துவதற்கு. உங்களுக்கு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம்தான் சரி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43உடன் சேர்த்து 66ஆம் பிரிவு, மிரட்டிப் பணம் கேட்டதற்கு, பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு, இவற்றின் கீழ் புகார் கொடுங்கள். இணைய வழியில் புகார் அனுப்பினாலும் செல்லும், மூன்று நாளைக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும் என்பதால், பக்கத்து ஸ்டேஷனில் ரைட்டரிடம் மனு கொடுத்துவிட்டு வந்து காத்திருக்காதீர்கள்.

பெயர் கெடும் என்கிறீர்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையே இப்படிப் பூட்டிக்கொண்டது. ஐந்து சர்வர்கள், 1.3 டெராபைட் அளவு தகவல் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஓ.பி. சீட்டைக் கையால் எழுதிக்கொண்டு பல நாள் ஓட்டினார்கள். அதற்காக நோயாளிகள் எய்ம்ஸுக்குப் போவதை நிறுத்திவிடவில்லை. உங்கள் பெயர் கெடுவது ஒரு நோயாளி தன் ரிப்போர்ட்டை வேறெங்கோ பார்த்துவிட்டு, உங்களுக்கு முன்பே தெரியும் என்று கண்டுபிடிக்கும்போதுதான்.

இனி நோயாளிகள். மருத்துவ விவரங்கள், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகளின்படி, 'உணர்வுபூர்வமான' தனிநபர் தகவல். அதைக் காப்பதில் அலட்சியமாக இருந்து ஒருவருக்கு நஷ்டம் வந்தால் 43ஏ கீழ் நஷ்டஈடு கேட்கலாம். ஐந்து கோடி வரையிலான கோரிக்கைகளைக் கேட்கும் நீதிபதி இடத்தில் இருப்பவர் மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். இது காகிதத்தில் மட்டும் இருக்கும் அதிகாரம் இல்லை. 2010இல் இணைய மோசடியில் 6.46 லட்சம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் தரச் சொல்லி ஒரு தனியார் வங்கிக்கு எதிராக உத்தரவு போட்டது தமிழ்நாட்டுத் துறைச் செயலாளர்தான். போலி மெயிலில் ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுத்தது வாடிக்கையாளரின் தப்பு என்று வங்கி வாதிட்டும் எடுபடவில்லை. அது வேறு பிரிவில் வந்த வழக்கு, ஆனால் கேட்ட கேள்வி உங்களுக்கும் பொருந்தும்: நீங்கள் என்ன ஜாக்கிரதை எடுத்தீர்கள்? சர்வரிலேயே பேக்கப் டிஸ்க் செருகியிருந்தது என்ற ஒரு வரி உங்களுக்கு எதிராக நிறையப் பேசும்.

எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை, போனில் கேட்டேன், செய்கிறோம் என்றார். அப்படியானால் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 11ஆம் பிரிவு தனியாக வருகிறது. அந்தப் பதிவேடுகளை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் தகவல் பாதுகாப்பு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சர்க்கரை அளவு வெளியே போவதும் இது வெளியே போவதும் ஒன்றில்லை. வேலையும் கல்யாணமும் இதில் மாட்டும். ஆகவே எந்தத் தேதியிலிருந்து எத்தனை பேருடைய எச்.ஐ.வி. முடிவுகள் அந்தச் சர்வரில் இருந்தன என்ற பட்டியலை முதலில் எடுங்கள். சர்வர் திறக்காவிட்டால் கையால் எழுதிய சாம்பிள் ரிஜிஸ்டர் இருக்குமே, அதிலிருந்து.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பற்றிப் பலர் கேட்கிறார்கள். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே. அதற்குப் பிறகு இப்படி நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே தகவலும் 72 மணி நேரத்துக்குள் விரிவான விவரமும் தர வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாததற்கு 250 கோடி வரை, சொல்லாமல் மறைத்ததற்கு 200 கோடி வரை அபராதம். எண்ணைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம், அது உச்சவரம்பு. தவறின் தன்மை, அதைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் தொகை போடுவார்கள். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: அந்த அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும். இந்தச் சட்டம் முழுதாக அமலுக்கு வரும்போது 43ஏ பிரிவு எடுக்கப்பட்டுவிடும். ரிப்போர்ட் கசிந்த நோயாளிக்கு இன்று இருக்கும் வழி அன்று இருக்காது.

பணம் கட்டலாமா? இந்தியாவில் இதைத் தடுக்கும் தனிச் சட்டம் கிடையாது, அதனால் முடிவு உங்களுடையது. நான் வேண்டாம் என்பேன். சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, நகலை அழித்தார்கள் என்பதற்கு அறவே இல்லை. கிரிப்டோவில் போன அந்தத் தொகையைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று உங்கள் ஆடிட்டர் கேட்பார், அதற்கும் பதில் வேண்டும்.

ரிசப்ஷன் பெண்ணை அனுப்பாதீர்கள். அவர்தான் உங்கள் முதல் சாட்சி. எந்த மெயில், எத்தனை மணிக்கு, எதைச் சொடுக்கினார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். கோபத்தில் வெளியே அனுப்பிய சாட்சி போலீஸிடம் உங்களுக்காகப் பேச மாட்டார். விசாரணை, விளக்கம் எதுவும் கேட்காமல் சம்பளத்தைப் பிடிப்பது தனி வழக்கு. இன்னொன்று, போனில் பேசும்போது தம்பி வாய்தவறிச் சொன்னார்: மூன்று கிளைக்கும் ஒரே பாஸ்வேர்டாம், அது மானிட்டரின் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறதாம். ஒட்டியது யார் என்று கேட்டேன், தம்பிதான்.

லேப் சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் ஒப்பந்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். பில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தகவலை வேறொருவர் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையதுதான், அதுவும் முறையான ஒப்பந்தத்தின் பேரில்தான் கொடுக்க முடியும். அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கட்டும் முன் இரண்டு பக்கமாவது எழுதி வாங்குங்கள்: யாரிடம் பாஸ்வேர்டு, பேக்கப் எங்கே, ஏதாவது நடந்தால் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்வார்.

நோயாளிகளுக்குச் சொல்லும் வாசகத்தைப் போனில் கேட்டிருந்தீர்கள். இதை லெட்டர்ஹெட்டில் அடித்து மூன்று கிளையிலும் ஒட்டுங்கள். எச்.ஐ.வி. பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் போஸ்டரும் வாட்ஸ்அப்பும் கூடாது. ரிப்போர்ட் வாங்க வந்த ஆளிடமோ வீட்டில் போனை எடுத்தவரிடமோ இல்லாமல், சம்பந்தப்பட்டவரிடமே டாக்டர் தனியாகப் பேசட்டும்.

"இந்தத் தேதி காலை எங்கள் கணினியில் வெளியாட்கள் நுழைந்து பரிசோதனை விவரங்களைப் பூட்டிவிட்டார்கள். பெயர், வயது, போன் எண், பரிசோதனை முடிவு ஆகியவை அதில் இருந்தன. அவை வெளியே போயிருக்கக்கூடும். செர்ட்-இன்னுக்கும் சைபர் கிரைம் போலீசுக்கும் தெரிவித்திருக்கிறோம். எங்கள் பெயரைச் சொல்லிப் பணமோ ஓ.டி.பி.யோ யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். பழைய ரிப்போர்ட் தேவைப்படுவோர் பில்லுடன் வந்தால், அவசியமான பரிசோதனையை இலவசமாகத் திரும்பச் செய்து தருகிறோம்."

கடைசி வரியை நான்தான் சேர்த்தேன். செலவாகுமே என்று தம்பி முனகினாராம். ஒட்டலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.