இத்தனை தடைகள் போட்டும் வட கொரியாவின் அணு ஆயுதத் திட்டம் ஏன் நிற்கவில்லை?

பொருளாதாரத் தடை என்பது, ஒரு நாட்டோடு குறிப்பிட்ட பொருள்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்ற கட்டுப்பாடு. 2006-இல் வட கொரியா முதல் அணுகுண்டு சோதனை நடத்தியதும் ஐ.நா. பாதுகாப்பு சபை இதை விதித்தது; 2017 முடிவதற்குள் நிலக்கரி, துணி, கடல் உணவு ஏற்றுமதி வரை தடை நீண்டது.

சரி, அப்புறமும் ஏன் நிற்கவில்லை? ஊரே ஒதுக்கிவைத்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் கொல்லைப்புறமாக அரிசி கொடுத்தால் எப்படி? அந்த அடுத்த வீடு சீனா. வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னின் ஆட்சி கவிழ்ந்தால் அகதிகள் எல்லை தாண்டுவார்கள், அமெரிக்கப் படை வாசலுக்கே வந்துவிடும் என்பது அதன் கவலை. கிம்முக்கோ குண்டுதான் நாற்காலிக்குக் காவல். லிபியாவின் கடாபி 2003-இல் அணுத் திட்டத்தைக் கைவிட்டு 2011-இல் வீழ்ந்ததை அவர்கள் மறக்கவே இல்லை. போதாக்குறைக்கு, தடைகளைக் கண்காணித்த ஐ.நா. நிபுணர் குழுவை 2024-இல் ரஷ்யா வீட்டோ (தீர்மானத்தைத் தனியாகவே தடுக்கும் அதிகாரம்) போட்டு முடித்துவைத்தது.

சோற்றுக்கும் மருந்துக்கும்கூடத் தடை என்று பலர் நினைக்கிறார்கள், ஐ.நா. தீர்மானங்கள் அந்த உதவிகளைத் தடை செய்யவில்லை.