1971 போர்த் தோழரைத் தேடும் அப்பாவுக்கு

1971 போரில் மெட்ராஸ் ரெஜிமென்டில் கூட இருந்த நண்பரை உங்கள் அப்பா தேடுகிறார், டைரியில் இருந்த முகவரிக்கு நீங்கள் அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். படைவீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும், நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். நண்பரின் முகவரியைக் கேட்க வேண்டாம். அப்பா கைப்பட எழுதிய கடிதத்தை உள்ளே வைத்து, நண்பருக்கு அனுப்பிவைக்கும்படி கேளுங்கள். நண்பரின் படை எண் தெரியவில்லை என்கிறீர்கள். அப்பாவின் எண், இருவரும் இருந்த பட்டாலியன், கம்பெனி, வருடம் எல்லாவற்றையும் குறிப்பிட்டால் தேடுவது எளிது.

உங்கள் கடிதம் திரும்பி வந்ததற்கு முகவரி பழையதாகிப் போனதே காரணமாக இருக்கலாம். பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்டில்தான், அதற்கு முன் எழுதிய முகவரியில் அது இருக்காது. அப்பாவின் டைரியில் இருக்கும் ‘வட ஆற்காடு மாவட்டம்’ இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து கிடக்கிறது. நண்பரின் ஊர் இப்போது எதில் வருகிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்த மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு, முடிந்தால் அப்பாவையும் அழைத்துக்கொண்டு, நேரில் போங்கள். அங்கே வரும் பழைய ஜவான்களில் யாராவது அவரை அறிந்திருக்கக்கூடும்.

ஒன்று மட்டும். இருவருக்கும் எண்பதை ஒட்டிய வயது. பதில் நண்பரின் மனைவியிடமிருந்தோ மகனிடமிருந்தோ வரலாம். அந்தக் கடிதத்தை அப்பா தனியாகப் பிரிக்க விடாதீர்கள், பக்கத்தில் இருங்கள். நண்பர் இருந்தால் தாமதிக்காமல் அன்றைக்கே போன் போட்டுக் கொடுங்கள்.